புதுப்பிப்பு: பாதியில் நின்ற அந்த பேஸ்பால் ஆட்டம் முடிந்தது

கணினி விளையாட்டாக நான் ஓட்டும் 1920 நேஷனல் லீக் (அமெரிக்க பேஸ்பால் லீக்) சீசனில், புரூக்ளின்–பாஸ்டன் ஆட்டம் 14 இன்னிங்ஸ் முடிந்தும் 1-1 என்று நேற்றிரவு எழுதியிருந்தேன். காலையில் காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். 17-ஆவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், இரண்டாவது பேஸில் ஓர் ஆள். புரூக்ளின் ஆட்டக்காரர் ஜாக் வீட் வலது பக்கம் தட்டிவிட்டார், ஓடிவந்தவர் ஹோம் பிளேட்டைத் தொட்டு ஒரு ரன் எடுத்துவிட்டார். பாஸ்டனால் பதிலுக்கு ஒன்றும் எடுக்க முடியவில்லை. புரூக்ளின் 2-1!

மனசு நிறைந்தது. ஆனாலும் புரூக்ளின் பந்துவீச்சாளர் கேடோரை 12-ஆவது இன்னிங்ஸில் மாற்றியது உறுத்துகிறது. நிஜத்தில் இதே அணிகள் மோதிய ஆட்டத்தில், 1920 மே 1 அன்று, பாஸ்டன் பிரேவ்ஸ் ஃபீல்டு மைதானத்தில், லியோன் கேடோரும் பாஸ்டனின் ஜோ ஓஷ்கரும் 26 இன்னிங்ஸும் தாங்களே பந்தெறிந்தார்கள். இருட்டிவிட்டதால்தான் 1-1 சமனில் நிறுத்தினார்கள். என்ன கைகள் அவை! அடுத்த முறை இருவரையும் கடைசிவரை விடப்போகிறேன்.