ஆமிக்காரரோடு உங்களுக்கு நடந்த ஒன்று

லயத்துப்பொடியன்:
2008, தீபாவளி முடிந்து பதுளையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ். செக்பொயின்ட் வந்தால் என்ன செய்வது என்று எல்லாருக்கும் தெரியும், பையைத் தூக்கிக்கொண்டு, ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கையில் பிடித்தபடி வரிசையில் நடந்தோம். அம்மா தாளில் சுற்றிக் கொடுத்த தேயிலைத்தூளை ஆமிக்காரர் கத்தியால் கிழித்து மணந்து பார்த்தார். பாதி தரையில். அப்புறம் என்ன நினைத்தாரோ, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குந்தி உட்கார்ந்து, கொட்டியதை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். என் வயதுதான் இருக்கும். நான் குனியவே இல்லை. பயமா, ரோசமா, இன்னும் தெரியவில்லை.

கவ்வாத்துக்கத்தி:
அள்ளிக் கொடுத்தாராம். சரி தம்பி, உங்களுக்குத் தேயிலையோடு போயிற்று. என் அண்ணனை ஐசி இல்லையென்று கொண்டுபோனான்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை, ஐசிக்கு எங்கே போவது? பதினொரு நாள் கழித்து வந்தவன், லயத்து வரிசை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். அம்மா பார்த்துக்கொண்டு நின்றா.

தியத்தலாவைப்பனி:
சண்டை வேண்டாம். நான் தியத்தலாவை இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். 1900இல் தென்னாபிரிக்காவில் நடந்த போயர் போரின் கைதிகளை அடைக்க வெள்ளைக்காரன் போட்ட இடம், இப்போது இராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சியும் அங்கேதான். சுடும் சத்தம் எங்களுக்குச் சேவல் கூவுவது மாதிரி. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்த பிறகு பார்த்தது. இடுப்பளவு சேற்றில் நின்ற ஒரு ஆமிப் பையன் கொழுந்துக் கூடையைத் தூக்கிப் பிடித்து, யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை.

பழைய_மாணவன்:
எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ரயிலில் ஒரு ஆமிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். ஆனால் இளம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஐசி தொலைந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டுத் துண்டை வாங்குங்கள், பிறகு கிராம உத்தியோகத்தர், அப்புறம் பிரதேச செயலகம். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அதிபர் மூலம் விண்ணப்பித்துவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழையிருந்தால் அதை முதலில் திருத்துங்கள். போட்டோக் கொப்பியும் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கவ்வாத்துக்கத்தி:
அண்ணன் கதைக்குக் கீழே ஐசி எடுக்கும் வழியா? நல்லா இருங்க.

லயத்துப்பொடியன்:
கவ்வாத்து அண்ணே, அவரை நல்லவர் என்று நான் எங்கே சொன்னேன்? அந்தத் தூளைச் சலித்துத்தான் ஒரு மாதம் தேத்தண்ணி குடித்தேன். அப்படியும் பல்லில் மண் கடித்தது.