ஸ்பைரோமெட்ரி நார்மல், ஆனால் ராத்திரி வீசிங்: ஆஸ்துமாவா இல்லையா?

கேட்டவர்: பவானிக்கரை

எனக்கு 41 வயது. சில மாதங்களாக விடியற்காலை மூன்று மணிவாக்கில் இருமல் எழுப்பிவிடுகிறது, நெஞ்சு இறுகி விசில் மாதிரி சத்தம் வருகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்குகிறது. சின்ன வயதில் இளைப்பு கிடையாது, பீடி சிகரெட் பழக்கமும் இல்லை. எக்ஸ்ரே சரி, சளி டெஸ்டில் டிபி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் டெஸ்ட், எடுத்தார்கள். எஃப்இவி1 (முதல் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று) இருக்கவேண்டிய அளவில் 94 சதவீதம், மொத்தம் ஊதிய காற்றில் அதன் விகிதம் 0.82, மருந்து இழுத்த பிறகு 4 சதவீதம்தான் கூடியது, ‘நார்மல்’ என்று ரிப்போர்ட். டாக்டரோ ஆஸ்துமாவாக இருக்கலாம், இன்ஹேலர் ஆரம்பிக்கலாம் என்கிறார். நார்மல் என்று வந்த பிறகு எதற்கு இன்ஹேலர், பழகிவிடும் என்று வீட்டில் சண்டை. எதை நம்புவது?

பதில்: மூச்சுமானி

நான் நுரையீரல் பிரிவில் இந்த டெஸ்ட் எடுக்கும் டெக்னீஷியன். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் எப்போதும் சுருங்கியே இருக்காது, சுருங்கும், விரியும், அந்த ஏற்ற இறக்கம்தான் நோயின் அடையாளமே. அதனால் தொந்தரவு இல்லாத நேரத்தில் ஊதினால் நார்மல் வருவதில் ஆச்சரியம் இல்லை, அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆஸ்துமா இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமால் மருந்தை இழுத்து 10, 15 நிமிடம் கழித்து எஃப்இவி1 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு நல்ல ஆதாரம். கூடாவிட்டால் கதவு மூடிவிடாது, குழாய் ஏற்கெனவே விரிந்திருக்கும்போது மருந்து எதை விரிக்கும்?

ஆனால் டாக்டர் சொன்னதற்காக ஆஸ்துமா உறுதி என்றும் ஆகாது. ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள், எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் சின்னக் கருவி, விலை அதிகமில்லை. காலையிலும் மாலையிலும் மூன்று தடவை ஊதி, அதிகம் வந்த எண்ணை மட்டும் இரண்டு வாரம் எழுதிவையுங்கள். காலையில் 320, மாலையில் 380 என்றால் வித்தியாசம் 60, சராசரி 350, அதாவது 17 சதவீதம். இப்படி தினமும் வருவதன் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் பெரியவர்களில் அது ஆஸ்துமா பக்கம்தான் பேசும். ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடங்கிவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும், அதனால் முதலில் நோட்டு எழுதலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு இளைத்தால் மட்டும் நோட்டு, டெஸ்ட் எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

பதில்: செல்வி அக்கா

தம்பி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு எவ்வளவு என்று பார்த்தார்களா? யானைக்கால் புழுவால் அந்த அணு எக்கச்சக்கமாக ஏறுகிற ஈசினோஃபிலியா நோயிலும் இப்படியேதான் ராத்திரி இருமலும் வீசிங்கும் வரும், அதற்கு மருந்தே வேறு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எனலாப்ரில் மாதிரி சில மாத்திரைகள் வறட்டு இருமல் தரும். அப்புறம், என்ன வேலை செய்கிறீர்கள்?

பவானிக்கரை

மாத்திரை எதுவும் இல்லை அக்கா. ஈசினோஃபில் கொஞ்சம்தான் அதிகம், அந்த நோய்க்கு ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும், இது அது இல்லை என்றார் டாக்டர். வேலை சாயப்பட்டறையில், கலர் பவுடரை எடை போட்டுக் கலக்குவது. தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது நன்றாகத் தூங்கினேன், இப்போது நீங்கள் கேட்டதும்தான் அது உறைக்கிறது.

பதில்: மூச்சுமானி

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், அக்காவுக்கு நன்றி. ரியாக்டிவ் சாயப் பவுடர் மூச்சில் போய் ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். பட்டறையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து ராத்திரியில் இளைப்பு வருவதும் உண்டு. அப்படியானால் காலை மாலை மட்டும் ஊதினால் போதாது. ஒரு நாளில் நான்கு முறையாவது ஊதுங்கள், மூன்று நான்கு வாரம், வேலை நாள் எது லீவு நாள் எது என்று பக்கத்திலேயே குறித்து. வேலை நாட்களில் இறங்கி, லீவில் ஏறினால் அந்த நோட்டே பாதி பதில். ஸ்பைரோமெட்ரியையும் லீவு நாளில் எடுக்காமல் வேலை முடிந்த மாலையில் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். அதிலும் தெளிவு வராவிட்டால் மெத்தகோலின் டெஸ்ட் இருக்கிறது, மூச்சுக்குழாயைச் சுருக்கும் அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இழுக்கவைத்து எஃப்இவி1 20 சதவீதம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில், கண்காணிப்பில் மட்டும்தான் செய்வார்கள்.

பதில்: செல்வி அக்கா

பயந்துபோய் உடனே வேலையை விட்டுவிடாதீர்கள், பவுடரை விட்டு விலகிய பிறகு எடுத்தால் டெஸ்ட் நார்மலாகவே வந்துகொண்டிருக்கும். அதற்காக இளைப்பு கூடுகிறபோதும் தாங்கிக்கொண்டு நிற்கவும் வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சாயம்தான் காரணம் என்று உறுதியானால் எடை போடும் இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் மாறுகிறீர்களோ அவ்வளவு நல்லது. துணி மாஸ்க் இதற்குப் போதாது. சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா?

பவானிக்கரை

பிடிக்கிறார்கள் அக்கா. திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்து வேலையைப் பற்றிச் சொல்கிறேன். மீட்டர் இன்றைக்கே வாங்குகிறேன்.