விடியக்காலையில் மட்டும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறது, குழாயில் கை கூசுகிறது – உதவி வேண்டும்

மண்டபம்வாசி:
வணக்கம். மண்டபத்துக்குப் பக்கம், கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு தென்னந்தோப்புதான். மார்கழி பிறந்ததிலிருந்து ஒரு தொல்லை. விடியக்காலை நாலரை, ஐந்து மணிக்கு ஆர்.சி.சி.பி. (கரண்ட் ஒழுகினால் வெட்டும் பெட்டி) விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் உடனே மறுபடியும் விழுகிறது. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணியானால் பேசாமல் நிற்கிறது. அப்புறம் மறுநாள் விடியும்வரை ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அவ்வளவு மழை கொட்டியது, அப்போது ஒரு நாள்கூட விழவில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை, சரியாக அந்த நேரத்தில்தான் வரும். தரைத்தொட்டியில் பிடித்து அரை எச்.பி. மோட்டாரில் மேல்தொட்டிக்கு ஏற்றுவோம். கரண்ட் இல்லாத அன்றைக்கு அம்மா குடத்தில் மொண்டுகொண்டு மாடிப்படி ஏறுகிறார். அறுபத்தெட்டு வயது. போர் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது.

நேற்று நாலு மணிக்கு, ட்ரிப் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், மோட்டார் பக்கத்தில் இருக்கும் பித்தளைக் குழாயை அம்மா ஈரக்கையோடு திறந்திருக்கிறார். முழங்கை வரைக்கும் சுரீரென்று இழுத்ததாம். மோட்டார் அப்போது ஓடவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி, "அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடலாம் அக்கா, தொல்லை தீரும்" என்கிறார். செய்யலாமா?

கீழக்கரை வயர்மேன்:
தங்கச்சி, செய்யாதீர்கள். உங்கள் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்தப் பெட்டிதான். ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் ஒழுகினால் வெட்டிவிடும். ஒழுகும் வழி சில நேரம் ஓர் ஆளுடைய உடம்பாக இருக்கும். இதைச் சொல்லும்போதே எனக்குப் பதறுகிறது, ஏனென்றால் டைரக்டாகக் கொடுத்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

இப்போதைக்கு அந்தக் குழாயை யாரும் தொட வேண்டாம். மூன்று கேள்வி: மோட்டாரின் எம்.சி.பி.யை (அதற்கான தனி சுவிட்சை) இறக்கி வைத்தாலும் ட்ரிப் ஆகிறதா? வெந்நீருக்கு ஹீட்டர் ராடு போடுகிறீர்களா? மோட்டாரில் கடைசியாகக் கை வைத்தது யார், எப்போது?

ஓய்வுபெற்ற லைன்மேன்:
மழையில் விழாதது, பனியில் விழுகிறது என்றீர்களே அம்மா, அதற்கு மட்டும் நான் சொல்கிறேன். நம் கரையில் வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் தூவானம் காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் உப்பாகப் படியும். காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. கனத்த மழை அதைக் கழுவிக் கொண்டுபோய்விடும். மழை விட்ட பிறகு மார்கழி, தையில் விழும் பனி இருக்கிறதே, அது கழுவாது. நனைத்து மட்டும் வைக்கும். நனைந்த உப்புதான் எமன். விடியலில் கம்பத்துக்குக் கீழே நின்று காது கொடுத்தால் பீங்கானிலிருந்து "சர்ர்ர்" என்று சத்தம் கேட்கும், இருட்டில் ஊதாவாகப் பூத்ததுபோலத் தெரியும். வெயில் வந்ததும் அடங்கிவிடும். உங்கள் வீட்டுக்குள்ளும் எங்கோ அதேதான் நடக்கிறது. வீட்டுக்கு வெளியே, மூடி சரியில்லாத ஏதாவது ஒரு பெட்டியைத் தேடுங்கள்.

மண்டபம்வாசி:
ஐயா, அந்தச் சத்தத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழக்கரைக் காக்கா (அண்ணா), உங்கள் கேள்விகளுக்கு: ராடை எடுத்துவைத்துப் பத்து நாளாகிறது, மாற்றமில்லை. மோட்டார் எம்.சி.பி.யை இறக்கினாலும் ட்ரிப் ஆகிறது, அதனால் மோட்டார் இல்லை என்று விட்டுவிட்டேன். ஆடியில் பழைய மோட்டார் போய்ப் புதிது வாங்கினோம். குழாய் வேலைக்கு வந்தவரே வயரையும் மாட்டிவிட்டுப் போனார். டெஸ்ட் பொத்தானை அமுக்கினேன், டக்கென்று விழுகிறது. அப்படியானால் எர்த் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தொண்டிக்காரன்:
எங்கள் வீட்டில் 30-க்குப் பதிலாக 100 மில்லி ஆம்பியர் போட்டோம், அதன் பிறகு விழுவதே இல்லை. நீங்களும் அதைப் பாருங்கள்.

கீழக்கரை வயர்மேன்:
தொண்டித் தம்பி, 100 என்பது தீ விபத்தைத் தடுக்கப் போடுவது. ஆளைக் காப்பாற்ற 30-தான். தயவுசெய்து உங்கள் வீட்டிலும் மாற்றிவிடுங்கள்.

தங்கச்சி, இல்லை. டெஸ்ட் பொத்தான் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஒழுக்கை உண்டாக்கிப் பார்க்கும், அவ்வளவுதான். எர்த் குழியே இல்லாத வீட்டிலும் அது விழும். எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

மோட்டார் ஓடவில்லை, எம்.சி.பி. கீழே இருக்கிறது, ஆனாலும் ஒழுகுகிறது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஆடியில் வயர் மாட்டியபோது ஃபேஸும் நியூட்ரலும் மாறிப் போயிருக்கிறது. உங்கள் எம்.சி.பி. ஒற்றைப் போல், அதாவது ஒரு கம்பியை மட்டும் வெட்டுவதாகத்தான் இருக்கும்; அது நியூட்ரலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஃபேஸ் இருபத்துநாலு மணி நேரமும் மோட்டாரிலேயே நிற்கிறது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் பகலில் வரச் சொல்லாதீர்கள். பகலில் எல்லாம் சரியாக இருக்கும், பார்த்துவிட்டுப் போய்விடுவார். விடியலில் மெகர் (வயரில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி; ஒழுக்கு இருந்தால் முள் பூஜ்யத்தில் நிற்கும்) கொண்டுவரச் சொல்லுங்கள். மீட்டர் சீலைத் தொட வேண்டாம். மீட்டருக்கு முன்னால் கோளாறு என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-ல் சொன்னால் போதும்.

மண்டபம்வாசி (ஆறு நாள் கழித்து):
காக்கா, நீங்கள் சொன்னது அப்படியே. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கெஞ்சி ஐந்து மணிக்கு வரவைத்தேன். மெயினை இறக்கி, மோட்டார் வயரை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு மெகர் வைத்தார். முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தார். ரப்பர் வாஷர் வைக்காமலே மூடியிருந்தார்கள். உள்ளே ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அதன் மேல் சர்க்கரைத் தூள் மாதிரி உப்பு, எல்லாம் நசநசவென்று ஈரம். மூடியைத் திறந்தபடியே விட்டு பதினொரு மணிக்கு மறுபடி பார்த்தபோது முள் தானாக ஏறியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஃபேஸ், நியூட்ரல் மாறித்தான் இருந்தது. சரிசெய்து, இரட்டைப் போல் எம்.சி.பி. போட்டாயிற்று. பெட்டியைச் சுரண்டித் துடைத்து, வயர் நுனிக்குப் புது லக்குகள், வாஷர், வயர் நுழையும் ஓட்டைக்கு சிலிக்கான் பசை. எர்த் குழியைத் தோண்டினால் குழாயும் கம்பியும் சேருமிடம் துருவாகி, அண்ணன் பிடித்ததும் அப்பளமாக நொறுங்கியது. இப்போது செம்பு பூசிய ராடு இறக்கியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற லைன்மேன்:
நல்லது அம்மா. மோட்டாரைத் தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரம் தூக்கி, வாடைக் காற்று வரும் பக்கம் மறைப்பு வையுங்கள். சாக்கு போட்டு மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும்.

மண்டபம்வாசி:
இன்றைக்குத் தண்ணீர் நாள். நல்ல பனி, கொடிக்கம்பி சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தேகாலுக்கு மோட்டார் போட்டேன், ஆறு மணிக்கு மேல்தொட்டி நிறைந்துவிட்டது, பெட்டி விழவில்லை. அம்மா இன்னமும் அந்தக் குழாயைத் துணி சுற்றித்தான் திறக்கிறார். செங்கல் நாளைக்கு வைத்துவிடுகிறேன் ஐயா.