சொட்டுகிற வியர்வை குளிர்விக்காது: சென்னையில் ஞாயிறு நீண்ட ஓட்டம்

வேளச்சேரி:
ஜனவரி மாரத்தானுக்குப் புதிதாகப் பெயர் கொடுத்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். 10 கிலோமீட்டர் வரை சுகமாகப் போகிறது. 14ஐத் தாண்டியதும் நெஞ்சு படபடக்கிறது, கால் கனக்கிறது, வேகம் தானாக விழுகிறது. பயிற்சி போதவில்லையா? பெரும்பாலும் பயிற்சியில் குறையில்லை, நம் ஊர்க் காற்றில்தான் விஷயம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அவரவர் ஏரியாப் பெயரில், அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை போதும்.

பெசன்ட் நகர்:
எல்லோரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். காலை நாலரைக்கு வெயில் ஏது? அந்த நேரத்தில் கடற்கரையோரம் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும், அதுதான் ஆளைச் சாய்க்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சட்டை நுனியில் சொட்டி ரோட்டில் விழுகிற வியர்வை தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகுமே தவிர, சூட்டைக் கொண்டுபோகாது. சூடு உள்ளேயே தங்கும்போது இதயம் காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், குளிர்விப்பதற்காகத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதே நேரத்தில் வியர்த்து வியர்த்து ரத்தத்தின் நீரளவு குறைந்துகொண்டே வருகிறது. வேகம் மாறாமலே துடிப்பு 145லிருந்து 165க்கு ஏறுவது அதனால்தான். அந்த 14வது கிலோமீட்டரில் நடப்பது இதுதான்.

ஆகவே நீண்ட ஓட்டத்தில் கடிகாரத்தின் வேகத்தை மறைத்துவிடுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அது சரியான வேகம். ஜனவரியில் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் சுலபமாக ஓடுகிறவருக்கு மே, ஜூனில் அதே உழைப்பில் 20 முதல் 40 நொடி கூடுவது இயல்பு. வானிலை ஆப்பில் ட்யூ பாயின்ட் என்று, காற்றில் எவ்வளவு ஈரம் என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். வெப்பநிலையை விட அதைப் பாருங்கள். 24 டிகிரிக்கு மேல் இருந்தால் அன்றைக்கு வேகப் பயிற்சி வைக்க வேண்டாம், மெதுவாக ஓடிவிட்டு வாருங்கள்.

குளிரான ஊரிலிருந்து திரும்பி வருகிறவர்கள் முதல் 10 முதல் 14 நாள் தூரத்தையும் வேகத்தையும் குறைத்தே வைக்க வேண்டும். அந்த நாட்களில் ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், வியர்வையில் போகும் உப்பு குறையும். உடம்பு தானாகச் செய்துகொள்கிற வேலை அது, அவசரப்படுத்த முடியாது.

அண்ணா நகர்:
அண்ணன் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதற்குப் பொது விடை கிடையாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஓடப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, துணியில்லாமல் எடை பாருங்கள். வந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி துணியில்லாமல் பாருங்கள். நனைந்த டி-ஷர்ட்டும் சாக்ஸும் நல்ல கனம் பிடிக்கும் என்பதால் உடுப்போடு நின்றால் கணக்கு கெட்டுவிடும்.

முன்னால் 68.4 கிலோ, பின்னால் 66.9 கிலோ, ஓட்டத்தில் குடித்தது அரை லிட்டர் என்று வையுங்கள். எடையில் குறைந்தது 1.5, குடித்தது 0.5, மொத்த வியர்வை 2 லிட்டர். ஒன்றரை மணி நேர ஓட்டம் என்றால் மணிக்கு 1.3 லிட்டருக்கு மேல். அத்தனையையும் ஓடும்போதே திருப்பிக் குடிக்க வயிறு இடம் கொடுக்காது. மணிக்கு 500 முதல் 700 மில்லி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாலைந்து வாய் என்று போனால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். எடை இழப்பு 2 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும்.

ஓடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால் அதுதான் உண்மையான எச்சரிக்கை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது என்று பொருள். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம் எல்லாம் அதில் வரும். நாலரை, ஐந்து மணி நேரம் மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று இரண்டு டம்ளர் குடிக்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

மயிலாப்பூர்:
உப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கறுப்புத் தொப்பி காய்ந்ததும் வெள்ளைக் கோடு படிகிறதா, வியர்வை கண்ணில் பட்டால் எரிகிறதா? அவர்களுக்கு உப்பு அதிகம் போகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக 1 கிராம் சோடியம் அளவில் போகும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது.

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தில் எல்லோரும் செய்யும் தவறு, முழுப் பொட்டலத்தையும் அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுவது. சுமார் 21 கிராம் இருக்கும் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அரை லிட்டரில் கரைத்தால் செறிவு இரட்டிப்பாகி வயிறு புரட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். அந்தக் குளுக்கோஸ் உப்பையும் நீரையும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் இழுக்கத்தான் போதும், ஓட்டத்துக்குத் தெம்பு தராது. ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே ஓடியும் 18வது கிலோமீட்டரில் காலி ஆகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடையில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. இந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் தடுத்துவிட்டது.

வீட்டிலேயே கலக்கலாம். அரை லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை. இது ஐந்து சதவீத இனிப்பு, வயிறு ஏற்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஓடி முடித்து இளநீர் குடிப்பவர்கள் பின்னாலேயே உப்புப் போட்ட மோரும் ஒரு டம்ளர் குடித்துவிடுங்கள்.

சோழிங்கநல்லூர்:
அக்கா, சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள். இரவு 11 வரை வெளிநாட்டு போன் மீட்டிங் இருக்கும் ஐடிக்காரர்கள் நாலு மணிக்கு எழுந்து இட்லி வைத்துச் சாப்பிட முடியாது. தூக்கமும் ஐந்து மணி நேரம்தான் வருகிறது. எதைக் குறைப்பது?

மயிலாப்பூர்:
தம்பி, தூக்கம் கெட்ட வாரத்தில் வேகப் பயிற்சியை விட்டுவிடுங்கள், மெதுவான ஓட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வியாழன் 40 நிமிடம், சனி அரை மணி, ஞாயிறு நீளம். வாரம் நாலு நாளே முழு மாரத்தானை முடிக்கப் போதும். மீட்டிங் இல்லாத வெள்ளி, சனி இரவுகளில் பத்து மணிக்குப் படுத்தால் ஞாயிறு தாங்கும்.

நேரம் இருந்தால் ஒன்றரை மணி முன்னால் இரண்டு இட்லியும் சர்க்கரையும். இல்லாவிட்டால் புறப்பட அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழமும் இரண்டு பேரீச்சையும். முதல் 45 நிமிடத்துக்குள்ளேயே ஊட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். பசித்த பிறகு தின்றால் பலனில்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. சிறிய பேரீச்சை நாலு தின்றால் சுமார் 20 முதல் 25 கிராம், ஓடும்போது பிழிந்து சாப்பிடும் எனர்ஜி ஜெல் ஒரு பாக்கெட்டும் அதே அளவுதான். கொட்டை எடுத்து, சின்ன ஜிப் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய் ஓட்டத்துக்கு நடுவில் வேண்டாம். கடலையின் கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும், வாயும் வறண்டுவிடும். சனி இரவு கல்யாண ரிசப்ஷன் இருந்தால் பரோட்டா, பன்னீர் பக்கம் போகாமல் இரண்டு இடியாப்பம், தயிர் சாதம் என்று முடித்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் கொழுப்பும் காலை ஐந்து மணிக்குக் கழிப்பறையைத் தேட வைக்கும்.

அடையாறு:
கழிப்பறை என்றதும் பெண்கள் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். வழியைத் திட்டமிடும்போதே 24 மணி நேரமும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றி 4, 5 கிலோமீட்டர் வட்டமாக வழியை அமையுங்கள். நேராக 12 போய் 12 திரும்புவதை விட இது நிம்மதி. ஆளில்லாத நேரத்தில் குறைந்தது இரண்டு பேராகப் போங்கள், காதில் இயர்போன் வேண்டாம், போனில் இருப்பிடத்தை வீட்டுக்குப் பகிர்ந்துவிடுங்கள். ஜனவரியில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழும். ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டில்தான் ஓட வேண்டும். ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டாயம். மே கடைசியில் 5:45க்கு முன்னாலேயே விடிந்துவிடும், அப்போது கவலை குறைவு.

பல மாதமாகக் காரணமில்லாமல் ஓட்டம் மந்தமானால் ஹீமோகுளோபின் மட்டும் பார்க்காதீர்கள், ஃபெரிட்டினும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். மாதவிடாய் அதிகமுள்ளவர்களிடம் இது சகஜம். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தோல் உரசலுக்கு தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்குள் வியர்வை கழுவிவிடும். வாசலைன் கெட்டியாகப் பூசுங்கள்: உள்ளாடைப் பட்டையின் கீழ், அக்குள், தொடை. ஆண்கள் மார்புக் காம்பில் மைக்ரோபோர் என்கிற மெல்லிய மருத்துவ டேப்பை, எண்ணெய் எதுவும் தடவும் முன்பே, காய்ந்த தோலில் ஒட்ட வேண்டும்.

பெரம்பூர்:
நம் ஊர் தட்டை. அதனால் ஒரே தசை, ஒரே அசைவு. ரோடும் மழைநீர் வடிய ஓரமாகச் சாய்ந்திருக்கும். ஒரே ஓரத்தில் மாதக்கணக்கில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் வலிக்கும். ஈசிஆரில் வாகனம் எதிரே வரும் ஓரத்தில்தான் ஓட வேண்டும் என்பதால் பக்கத்தை மாற்ற வழியில்லை. வாரநாள் ஓட்டங்களைப் பூங்காவிலோ மைதானத்திலோ வைத்து, ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம் சுற்றுங்கள். மணலில் ஓட விரும்புகிறவர்கள் முதலில் 10 நிமிடம் மட்டும் ஓடுங்கள். குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதிகம் இழுபடும், கரைச் சரிவும் சேர்ந்துகொள்ளும். மேட்டுப் பயிற்சிக்குப் பரங்கிமலைச் சாலை இருக்கிறது. வாகனம் வரும் மேம்பாலத்தில் அதைச் செய்யாதீர்கள்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். நின்று, கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் நகருங்கள். பல்லோ நகமோ தோலைக் கீறினால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (எதிர்ப்புப் புரத ஊசி) போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். அடுத்த ஊசித் தேதிகளை விடவே கூடாது.

நந்தனம்:
மருத்துவம் தெரிந்தவனாகச் சொல்கிறேன், கூட ஓடுபவரைக் கவனியுங்கள். களைப்பு, தலைசுற்றல், குமட்டல் இருந்து பேச்சு தெளிவாக இருந்தால் நிழல், நீர், ஓய்வு போதும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், வீண் கோபம் காட்டினால் அது வெப்பத் தாக்கு. உட்புற வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். நன்றாக வியர்த்திருந்தாலும் வெப்பத் தாக்கு வரலாம், வியர்க்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். 108க்கு ஒருவர் அழைக்கட்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே சட்டையைக் கழற்றி, கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஓட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை போடும் பழக்கத்தை விடுங்கள். நீர் வற்றிய உடம்பில் ஐபுபுரூஃபன் வகை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வேளச்சேரி:
இனி மழை. ஜனவரிப் போட்டியின் முக்கியமான வாரங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். அடி தெரியாத தண்ணீரில் காலை வைக்காதீர்கள். திறந்த சாக்கடைக் குழியும் தோண்டிய மழைநீர்க் கால்வாயும் உள்ளே இருக்கும். நடைபாதை மின்பெட்டியைச் சுற்றித் தேங்கிய நீருக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். மழையில்லாத நாளிலேயே பார்த்து வைத்த, மேடான 2 கிலோமீட்டர் வட்டம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் வீடு.

நந்தனம்:
அதோடு இதையும் சேருங்கள். காலில் கொப்புளமோ கீறலோ இருக்கும்போது தேங்கிய நீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சலும் கடுமையான கெண்டைக்கால் வலியும் தொடங்கும். ஓடுகிறவர்கள் அந்த வலியைப் பயிற்சி வலி என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். டெங்கு பருவமும் அதுவே என்பதால் அதுவரை பாராசிட்டமால் மட்டும்.

தாம்பரம்:
நனைந்த ஷூவை என்ன செய்வது, சார்? மறுநாளும் நாறுகிறது.

அண்ணா நகர்:
வெயிலிலோ ஃபிரிட்ஜ் பின்னாலோ வைக்காதீர்கள், சூட்டில் பசை இளகி அடிப்பாகம் பிரியும். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள், வியர்வை ஈரத்தில் வளரும் பாக்டீரியாதான் நாற்றத்துக்குக் காரணம். லேஸைத் தளர்த்தி, உள் அட்டையை வெளியே எடுத்துத் தனியாக உலர்த்துங்கள். நாளிதழைக் கசக்கி ஷூவின் முனை வரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிவிடும், மாற்றுங்கள். இரவு படுக்கும் முன் இன்னொரு முறை. பிறகு ஃபேன் காற்றில் சாய்த்து நிறுத்தினால் ஒரு நாளில் காயும். மழை மாதங்களில் இரண்டு ஜோடி இல்லாமல் முடியாது. மேலே தொட்டுப் பார்த்து நம்ப வேண்டாம். நாக்குப் பகுதி தைத்திருக்கும் அடியில் விரலை விட்டுப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அந்த இடம்தான்.