முடி துறந்தால்தான் காதலா? அரச குடும்பக் காதல் நாவல்கள் பற்றி ஒரு வாக்குவாதம்

இரவுவாசகி:
அரச குடும்பக் காதல் நாவல் எது கிடைத்தாலும் விடாமல் படிக்கிறவள் நான். அந்த உரிமையில் ஒரு புகார். கதை இந்தக் காலத்தில் நடக்கிறது. இளவரசன் ஹெலிகாப்டர் ஓட்டுகிறான், நிருபர்களுக்குப் பயந்து பின்வாசல் வழியாக ஓடுகிறான். முடிவு மட்டும் 1936-ஐத் தாண்டுவதில்லை. தான் காதலித்த வாலிஸ் சிம்ப்சனுக்காக பிரிட்டன் அரசர் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தாரே, அதே காட்சி. அரியணையா, அவளா என்று கேட்பார்கள், அவள்தான் என்பான், நாம் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய அரண்மனைகளில் அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்? நார்வேயின் ஹரால்டு, துணி வணிகரின் மகள் சோனியாவுக்காக ஒன்பது ஆண்டுகள் விடாப்பிடியாக நின்று 1968-ல் மணந்தார். 1991-ல் அரசராகவும் ஆனார். ஸ்வீடனின் பட்டத்து இளவரசி விக்டோரியா தன் உடற்பயிற்சியாளரையே 2010-ல் கைப்பிடித்தார். முடிதுறப்பு இப்போது ஆசிரியரின் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

கறார் கந்தன்:
யார் கேட்கிறார்களா? நெதர்லாந்தின் இளவரசர் ஃப்ரிசோவிடம் கேட்டார்கள். மணமகள் ஒருவருடனான தன் பழைய நட்பைப் பற்றி முழுமையாகச் சொல்லவில்லை என்று, திருமணத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கோரவே அரசாங்கம் மறுத்துவிட்டது. 2004-ல் ஒப்புதல் இல்லாமலே மணந்தார். வாரிசு வரிசையிலிருந்து அவர் பெயர் நீங்கியது. பிரிட்டனிலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரிசையில் முதல் ஆறு பேர் மணம் செய்ய அரசரின் சம்மதம் வேண்டும். நாவலாசிரியர்கள் வானத்திலிருந்து எதையும் பறித்துவரவில்லை.

இரவுவாசகி:
எனக்காகவே வாதாடியிருக்கிறீர்கள், நன்றி! ஃப்ரிசோ கதையில் ஓர் அமைச்சரவை இருக்கிறது, சொல்லாமல் விட்ட ஓர் உண்மை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் தவிக்கும் இருவர் இருக்கிறார்கள். நாவலில் என்ன இருக்கிறது? முகம் சுளிக்கும் ஒரு பாட்டி அரசி. நாட்டின் அரசியல் சட்டம் முழுவதும் அந்தப் பாட்டியின் புருவத்தில் அடங்கிவிடுகிறது.

கறார் கந்தன்:
புருவமே எனக்குப் போதும். அமைச்சரவைக் கூட்டத்தைப் படிக்கச் செய்தித்தாள் இருக்கிறது.

ஓரக்குறிப்பு:
இருவரும் இளவரசனையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். உண்மையில் துறப்பவர் யார் என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவின் மேரி டொனால்ட்சன் 2000-ல், ஒலிம்பிக் நேரத்தில், சிட்னியில் டென்மார்க்கின் அன்றைய பட்டத்து இளவரசர் ஃபிரடெரிக்கைச் சந்தித்தார். 2004-ல் திருமணம். அதற்காக டேனிஷ் மொழி கற்றார், டென்மார்க் திருச்சபைக்கு மாறினார், பிறந்த நாட்டின் குடியுரிமையை விட்டார். ஸ்பெயினின் லெட்டிசியா செய்தி வாசிப்பதையே விட்டார். அவன் ஒரு மகுடத்தைத் துறந்தால் அது நாவலின் உச்சக்காட்சி. அவள் வேலை, நாடு, திருச்சபை என்று வரிசையாக விட்டால் அது "பின்னர் அவர்கள் இனிது வாழ்ந்தார்கள்" என்ற ஒற்றை வரிக்குள் போய்விடுகிறது. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

கறார் கந்தன்:
மேரி 2024-ல் அரசியானார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விட்டதை மட்டும் எண்ணினால் எந்தத் திருமணமும் நஷ்டக் கணக்காகத்தான் தெரியும்.

ஓரக்குறிப்பு:
சரி, எதுவும் திரும்பக் கிடைக்காத ஒருவரைச் சொல்கிறேன். ஜப்பானின் இளவரசி மாக்கோ 2021-ல் தன் கல்லூரித் தோழரை மணந்தார். அரச குடும்பத்துக்கு வெளியே மணக்கும் பெண் அந்தஸ்தை இழக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவருடைய தம்பிக்கு அந்த விதி கிடையாது. விலகும்போது கிடைக்கும் பெருந்தொகையையும் அவர் வேண்டாம் என்றார். சடங்கும் இல்லை, பதிவு மட்டுமே. துறப்பதா வேண்டாமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சட்டமே முடிவு செய்துவிட்டது. இப்படி ஒரு நாயகியை வைத்து எழுதினால், அந்தப் பாட்டிக்கு வேலையே இருக்காது.

இரவுவாசகி:
இதைத்தான் நான் வாங்கிப் படிப்பேன்.

கறார் கந்தன்:
நானும் வாங்குகிறேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில் பதிவுத் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போடுவதோடு முடித்துவிடாதீர்கள். எனக்கு ஒரு முத்தமாவது வேண்டும்.

இரவுவாசகி:
கையெழுத்துக்கு முன்பா, பின்பா? அதற்கும் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும்.