புதுப்பிப்பு: எக்செலில் கூட்டுத்தொகை 0 காட்டும் சிக்கல்

சென்ற பதிவில் கேட்டது: வங்கித் தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய தொகைகளுக்கு =சம்(பி2:பி40) போட்டால் 0 வருகிறது, ஆனால் =பி2+பி3 சரியாகக் கூட்டுகிறது, ஏன்?

காரணம் உறுதியாகிவிட்டது. அந்தக் கட்டங்களில் இருப்பவை எண் போலத் தெரியும் எழுத்துகள். கூட்டல் குறி அவற்றை எண்ணாக மாற்றிக்கொள்ளும். சம் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். பிழைச்செய்தி வராததுதான் இதில் ஆபத்து. நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துத் திரையின் அடிப்பட்டையைப் பாருங்கள்: எண்ணிக்கை மட்டும் வந்து கூட்டுத்தொகை வராவிட்டால் எல்லாமே எழுத்து.

ஃபார்மட்டை 'நம்பர்' என்று மாற்றினால் மட்டும் போதாது, அது வெறும் தோற்றம். முதலில் 'ஜெனரல்' வையுங்கள். பிறகு டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து நேராக 'ஃபினிஷ்'. ஒரு முறைக்கு ஒரு நெடுவரிசைதான்.

அதற்கும் மசியாதவை, =பி9+பி10 போட்டால் 'வேல்யூ' பிழை தருபவை, வேறு ரகம். இணையப் பக்கத்திலிருந்து வரும் உடையா இடைவெளி (சாதாரண இடைவெளி போலவே தெரியும் வேறொரு எழுத்து, குறியீடு 160) ஒட்டிக்கொண்டிருக்கும். தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் 'ட்ரிம்' சூத்திரம் இதை நீக்காது. கட்டத்துக்குள் எஃப்2 அழுத்தி அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, கன்ட்ரோல்+ஹெச்சில் தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள்.

தேதி நெடுவரிசையையும் பாருங்கள். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 13/05/2024 எழுத்தாகவே இடப்பக்கம் நிற்கும். 05/04/2024 மே 4 ஆகிவிடும். ஒட்டும் முன்பே விண்டோஸின் 'ரீஜன்' அமைப்பை மாற்றிவிடுங்கள்.