பழைய எம்ஆர்2 காரில் இருப்பது எந்த 4ஏ-ஜிஇ எஞ்சின்? பேரிங் வாங்கும் முன் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என்னிடம் 1986ஆம் ஆண்டு தயாரான டொயோட்டா எம்ஆர்2 இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர்கள் அசல் இன்டேக் மேனிஃபோல்டையும் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) அதிலுள்ள டிவிஸ் வால்வுகளையும் (குறைந்த வேகத்தில் காற்றுப் பாதையின் ஒரு பகுதியை மூடுபவை) நீக்கிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு த்ராட்டில்களை (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடல்கள்) பொருத்தியிருக்கிறார்கள். வேறு என்னென்ன மாற்றினார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. எஞ்சின் சூடான பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அடியிலிருந்து தட்டும் ஒலி வருவதால், பிக் எண்ட் பேரிங்குகளை (பிஸ்டன் தண்டு கிராங்க் தண்டோடு இணையும் இடத்துத் தாங்கிகள்) மாற்ற எண்ணுகிறேன். எஞ்சினின் மேல் மூடியான கேம் கவரில் நீல எழுத்துகள் இருப்பதால், இதைத் தொடக்ககால எஞ்சின் என்று கொண்டு பேரிங் வாங்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து கவரை நம்பி வாங்காதீர்கள். சில போல்ட்டுகளைக் கழற்றினால் ஒரு எஞ்சினின் கவர் இன்னொன்றின் மேல் ஏறிவிடும். சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதியான பிளாக்கின் வெளிச்சுவரில் செங்குத்தாக ஓடும் விலா வரிகளை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது பழைய பிளாக், கிராங்க் பின் (பிக் எண்ட் பேரிங் அமரும் உருளைப் பகுதி) விட்டம் 40 மி.மீ.; ஏழு இருந்தால் பிந்தைய பிளாக், கிராங்க் பின் 42 மி.மீ. இரண்டின் பேரிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

இன்னொரு சோதனையும் தேவை. இந்த எஞ்சினின் ஹெட்டை (வால்வுகள் உள்ள மேல்பகுதி) டொயோட்டாவின் இன்னொரு எஞ்சினான 7ஏ-யின் பிளாக்கின் மேல் ஏற்றி 1,762 சி.சி. ஆக்குவது பலரும் செய்யும் மாற்றம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, முதல் சிலிண்டருக்குள் நீளமான பிளாஸ்டிக் குச்சியை விட்டு, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, குச்சி ஏறி இறங்கும் தூரத்தை அளவிடுங்கள். 4ஏ என்றால் 77 மி.மீ., 7ஏ என்றால் 85.5 மி.மீ.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விலா வரிகள் ஏழு இருக்கின்றன. குச்சி ஏறத்தாழ 77 மி.மீ. நகர்ந்தது.

பதில் 2:
அப்படியானால் இது பிந்தைய 4ஏ பிளாக்; நீல எழுத்துக் கவர் வேறொரு எஞ்சினிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஏழு வரி பிளாக்கிலும் வகைகள் உண்டு: பெரிய போர்ட் (ஹெட்டில் காற்று நுழையும் வழி) கொண்டதில் கம்ப்ரெஷன் விகிதம் 9.4, சிறிய போர்ட் கொண்டதில் 10.3, சூப்பர்சார்ஜருக்கான (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) 4ஏ-ஜிஇசட்இ வகையின் முதல் வடிவத்தில் 8.0. பழைய எஞ்சினுக்கான இக்னிஷன் அமைப்பு 10.3 பிஸ்டன்களோடு இயங்கினால், எரிபொருள் நேரம் தவறி வெடித்து, அதுவும் சுமையில் தட்டும் ஒலியைத் தரும். ஆகவே பிளக் துளை வழியே போர்ஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டு பிஸ்டன் தலையைப் பாருங்கள். ஜிஇசட்இ பிஸ்டன் நடுவில் குழிந்திருக்கும்.

ஆயில் சம்ப்பை (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கிப் பேரிங் மூடியைக் கழற்றும் வரை எஞ்சினை இயக்க வேண்டாம். தேய்ந்த பேரிங்கோடு ஓட்டினால் கிராங்க்கே வீணாகும். கிராங்க்கை முன்பே கடைந்து சிறிதாக்கியிருக்கவும் கூடும் என்பதால், நான்கு பின்களையும் மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவுக்கே பேரிங் வாங்குங்கள்.